படகுக்கு நான்கு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் வீட்டை வாங்கப்போகிறவர்கள் நேற்று லண்டனிலிருந்து வந்தார்கள். கோடையில் மட்டும் தங்குவார்களாம். வீட்டின் வெல்ஷ் மொழிப் பெயர் வாயில் நுழையவில்லை, மாற்றலாமா என்று கேட்டார்கள். "குளிர்காலத்துல இங்க ரொம்ப அமைதியா இருக்குமில்ல?" என்றாள் அந்த அம்மாள், ஆசையாக. ஆமாம் என்றேன்.

நம் தெருவில் இப்போது என் வீட்டிலும் எதிர்வீட்டு ட்ரெஃபோர் வீட்டிலும்தான் விளக்கு எரிகிறது. உயிர்காப்புப் படகை இறக்க நான்கு பேர் வேண்டும். படகுக்குழுவில் ட்ரெஃபோரைத் தவிர மற்றவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். "இனிமே முழுகுறவன் முன்கூட்டியே சொல்லிட்டு முழுகணும் அக்கா, பசங்க வந்துசேர அரைமணி ஆகும்" என்று ட்ரெஃபோர் சிரிக்கிறான்.

அவன் மகன் நம் அம்மாவின் வீட்டுக்குத் தருவதாகச் சொன்ன விலையைக் கேட்டு நீ சிரித்தாயாம். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வீடு உன் பெயரில் இருக்கிறது.

காலையில் கடலில் போட்ட நண்டுக்கூடைகளைத் தூக்கப்போன உன் அத்தான் இன்னும் திரும்பவில்லை. காற்று திசைமாறிவிட்டது. தேநீருக்கு வைத்த தண்ணீரை மறுபடியும் கொதிக்கவைத்திருக்கிறேன்.

இதோ, உயிர்காப்புப் படகுக்கு ஆள் கூப்பிடும் ட்ரெஃபோரின் பேஜர் அலறுகிறது. கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு ஓடுகிறான். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குத் தெரு முழுக்கக் கதவுகள் திறக்கும். சன்னலில் நின்று பார்க்கிறேன். படகுத்துறையில் அவன் ஒருவன்தான், கடலுக்கு முதுகைக் காட்டியபடி, மலைச்சாலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

உன் அக்கா