சிவப்பு பத்தாத பை

பட்டாசு ஆலை முதலாளியின் மேல்முறையீட்டை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்துவிட்டது. நேற்று மதியம் நம் வக்கீலின் குமாஸ்தா போனில் சொன்னார். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி உனக்கு எழுத எனக்கு மனமில்லை. இன்று காலை மதுரைக்கு பஸ் ஏறிப் போய், வக்கீல் மேசையில் உத்தரவின் நகலைப் படித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மாரியம்மாள் அந்தக் கம்பெனியின் தொழிலாளிதான் என்று கீழே சொன்னதை மேலேயும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும் பையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். முதலாளி கொடுத்த அந்த ஆர்டரில் மிஞ்சிய துணியில் நீ எனக்குத் தைத்துத் தந்தது. இத்தனை வருஷமாகியும் காடாத் துணியை விட்டு அச்சு மையின் வாசனை போகவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை ஏதோ ஒரு பிள்ளை அதில் வரைந்திருக்கிறது. வேனுக்குச் சக்கரம் இல்லை, நாலு கால். முன்னங்கால் ஒன்று பையின் ஓரம் தாண்டிப் பின்பக்கம் வரை நீண்டிருக்கிறது. அதை நீ வெட்டவில்லை. துணியைச் சுற்றிக் கொண்டுபோய்த் தைத்திருக்கிறாய். "பிள்ள கோடு எங்கன போகுதோ அங்கனதாம்லே தையலும் போகணும்" என்பாய்.

அந்த வேலை உனக்கு விளையாட்டாகத் தொடங்கியது. உன் மகள் வரைந்த கோழியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துத் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு, அவளுடைய டீச்சருக்கு ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தாய். கோழிக்குப் பல் இருந்தது. டீச்சர் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு சிவகாசித் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் கிறுக்கலைச் சுருட்டிக்கொண்டு உன் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். மாமனாருக்குத் தலையணை உறை, பெரியம்மாவுக்குச் சமையல் ஏப்ரன், வெளிநாட்டில் இருக்கும் அப்பனுக்குக் கைக்குட்டை. சட்டை தைக்கிற மனுஷனுக்கு இது எதுக்கு என்று நான் கேலி செய்தபோது, சட்டை கிழிந்தால் தூக்கிப் போடுவார்கள், இதைக் கிழிந்தாலும் வைத்திருப்பார்கள் என்றாய்.

மாரியம்மாள் உன்னிடம் வந்தது சட்டைக்குத்தான். ஆலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டுக்கொள்வார்கள். அவள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அவனுடைய கோடு போட்ட நீலச் சட்டையைக் கொண்டுவந்து உன் மேசையில் போட்டாள். "போனவன் விட்டுட்டுப் போனது பாய். அவன்தான் எனக்கு உழைக்கல, அவன் சட்டையாச்சும் உழைக்கட்டும்" என்றாள். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். நீ கையைச் சிறிதாக்கினாய். மருந்துத் தூள் தங்கக்கூடாது என்று மார்புப் பையைப் பிரித்து எடுத்தாய். பை இருந்த இடத்தில் மட்டும் நீலம் வெளுக்காமல் ஒரு சதுரமாக நின்றது.

அந்தச் சதுரத்தை வைத்துத்தான் ஆஸ்பத்திரிப் பிணவறையில் நீ அவளை அடையாளம் சொன்னாய். ஆலையில் தரைச்சக்கரம் சுற்றும் அறை வெடித்த மறுநாள் அது. அவளுடைய தங்கச்சி வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், உள்ளே வர முடியவில்லை. நீ போனாய். நானும் பின்னால் வந்தேன். துணியைத் தொட்டுப் பார்த்து, "நான் பிரிச்ச தையல்" என்று மட்டும் சொன்னாய்.

அதே வாரம் என் பத்திரிகைச் செய்திக்காக முதலாளியை அவருடைய ஆபீசில் பார்த்தேன். ஏசி அறை, சுவரில் புது லேபிள்கள். நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே குறித்துக்கொண்டேன். "அந்தம்மா நம்ம ஆளு இல்லிங்க. யாருக்கோ சோறு கொண்டாந்திருக்கா. நேரம் சரியில்ல, மாட்டிக்கிட்டா. காப்பி சாப்பிடுங்க." ஆலைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. சீசனில் பாதிப் பேருக்குக் கிடையாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இழப்பீட்டு மனு போட்டபோது நீலச் சட்டையைக் காட்டினோம். சட்டை போட்டவள் எல்லாம் எங்கள் தொழிலாளியா என்று எதிர் வக்கீல் கேட்டார். மனுவின் உயிர் அந்த ஒரு கேள்வியில் நின்றது. அவள் அங்கே வேலை செய்தாள் என்று நிரூபித்தால் அவளுடைய மகளுக்கு நியாயம் உண்டு. இல்லாவிட்டால் மாரியம்மாள் தானாக வெடிமருந்துக்குள் வந்து விழுந்த வழிப்போக்கர். கூட வேலை பார்த்த யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அடுத்த நாளும் அந்த வேன்தான் வரவேண்டும்.

முதலாளி ஆபீசில் சொன்னதை உன்னிடம் சொன்னபோது மெஷினை நிறுத்தினாய்.

"ஏலே, அவன் வாயால சொன்னத அப்பிடியே சொல்லு."

சொன்னேன். சோறு என்ற இடத்தில் உன் முகம் மாறியது. நான் கத்தினேன். நீ கத்தவில்லை. வெட்டிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, "கோவத்தக் கசக்கக் கூடாதுலே. மடிச்சு வைக்கணும். மடிச்சு வச்சாத்தான் வேணும்போது எடுக்கலாம்" என்றாய்.

அடுத்த தீபாவளி சீசனுக்கு முன்னால் அவரே உன் கடை வாசலில் காரை விட்டு இறங்கினார். பல ஊர் ஏஜெண்டுகளுக்கு வருஷா வருஷம் சூட்கேஸ் பரிசு கொடுப்பார். விபத்துக்குப் பிறகு பத்திரிகைகளில் பெயர் அடிபட்டதால் இந்த முறை வேறு மாதிரி வேண்டுமாம். தொழிலாளிகளின் பிள்ளைகள் வரைந்த படம் போட்ட துணிப்பை. படத்துக்குக் கீழே எந்தத் தொழிலாளியின் பிள்ளை என்று ஒரு வரி. அதற்கும் கீழே கம்பெனிப் பெயர், பெரிதாக. அந்த ஒரு வரி வேண்டும் என்று கேட்டது அவர்தான். பிணவறையில் நின்ற டெய்லர் நீதான் என்று அவருக்குத் தெரியாது. வழக்கை அவருடைய வக்கீல் பார்த்துக்கொண்டார். தனக்கு எதிராக நிற்பவர்களின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை; என்னைக்கூட ஒரு நிருபராகத்தான் தெரியும்.

நீ ஒப்புக்கொண்டாய் என்று கேள்விப்பட்டு நான் சண்டைக்கு வந்தேன். அவன் கையால் காசு வாங்கப் போகிறாயா என்று கேட்டேன். நீ ஊசியில் நூல் கோத்தபடி, "ஆர்டர் நம்மளத் தேடி வந்திருக்கு. நீ போயி டீ சொல்லிட்டு வா" என்றாய்.

ஆலை மேனேஜர் சேர்த்துக் கொடுத்த படங்கள் ஒரு கட்டு வந்தன. நாரணாபுரத்தில் சித்தி வீட்டில் இருந்த மாரியம்மாளின் மகள் முத்துச்செல்வியிடம் நீயே வண்டியில் போய்ப் பேப்பரும் கலர்ப் பென்சிலும் கொடுத்தாய். அம்மாவை வரை என்று நீ சொல்லவில்லை. நான் கூட இருந்தேன். இஷ்டம்போல ஏதாவது போடு என்றாய். அவள் நீலச் சட்டை போட்ட அம்மாவை வரைந்தாள். மார்பில் கருநீலச் சதுரம் ஒன்று. கை இரண்டையும் சாதாரணப் பென்சிலால் அழுத்தித் தேய்த்துச் சாம்பலாக்கினாள்.

முதல் அச்சில் அந்தக் கை வெள்ளையாக வந்தது. பிரிண்டிங் கடைக்காரர் லேபிள் வேலையில் ஊறியவர். பென்சில் தேய்ப்பை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டார். முத்துச்செல்வி துணியைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இது எங்கம்மா கை இல்ல பாய். எங்கம்மா கை மின்னும்." பட்டாசுக்கான அலுமினியத் தூள் ஒட்டிய கை வேறெப்படி இருக்கும்? நீ கூலியை உன் கையிலிருந்து போட்டுத் திரும்ப அடிக்க வைத்தாய். மேனேஜரின் கட்டில் இருந்த படங்களோடு இதையும் சேர்த்தாய். கீழே மற்றப் பிள்ளைகளுக்குப் போட்டது போலவே ஒரு வரி: எங்கள் தொழிலாளி மாரியம்மாளின் மகள் முத்துச்செல்வி வரைந்தது.

சிவகாசியில் ஆர்டர் கொடுத்தவர் புரூஃபில் ஓகே எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்த மெஷினும் ஓடாது. அது நமக்குத் தெரியும். முதலாளிகள் புரூஃபில் என்ன பார்ப்பார்கள் என்பது உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. துணிகளை மேசையில் விரித்தாய். அவர் ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயரை விரலால் அளந்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சிவப்பு பத்தல பாய். பட்டாசுன்னா சிவப்பு அடிக்கணும்ல?" என்றார். கூட்டிவிடலாம் என்று பணிவாகச் சொல்லிப் பேனாவை நீட்டினாய். மாரியம்மாளின் மின்னும் கைக்குப் பக்கத்திலேயே ஓகே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் துணியை மட்டும் நீ தைக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்தாய்.

என் பங்கையும் நீ எனக்கு விட்டு வைத்திருந்தாய். பைகள் லோடு ஏறிய பிறகு அவரிடம் போய் ஒரு சின்னச் செய்திக்காகப் பேட்டி கேட்டேன். மகிழ்ச்சியாகக் கொடுத்தார். ஒவ்வொரு படமும் எங்கள் தொழிலாளிகளின் பிள்ளைகள் வரைந்தது, ஒவ்வொன்றையும் நானே பார்த்து ஒப்புதல் தந்தேன் என்றார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எங்கள் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதை அவர் ஃபிரேம் போட்டு ஆபீசில் மாட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

விசாரணை நாளில் நீயும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நம் வக்கீல் முதலில் என் செய்தியை வாசித்தார். இது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டார். ஆமாம் என்று நிமிர்ந்து சொன்னார் முதலாளி. அடுத்து அந்தத் துணியை அவர் கையில் கொடுத்தார். முதலாளி வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், அங்கே வேறு ஏதாவது இருக்கும் என்பதுபோல. அவர் வக்கீல் எழுந்திருப்பதற்குள் வாய் முந்திவிட்டது.

"நான் கலரத்தாங்க பாத்தேன். எழுத்தப் பாக்கல."

விசாரணை அதிகாரி அதை எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். என் தொழிலில் அதைவிட ருசியான வாக்கியத்தை நான் குறித்ததில்லை. நீ மட்டும் முத்துச்செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். உன் நெஞ்சு அதுவரை பொறுக்கவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது மூச்சு வாங்கியது. மதினி பேசவேண்டாம் என்று கெஞ்சினார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்து, "கேஸ் முடிஞ்சதும் அந்தத் துணிய வாங்கித் தைச்சு, தீபாவளிக்கு அவனுக்கே அனுப்பணும்லே. ஏஜெண்டுக்கு எல்லாம் குடுத்தான், அவனுக்கு யாரு குடுத்தா?" என்றாய். சிரிக்கப் போய் இருமல் வந்தது. நீ கண்ணை மூடிய மறுமாதம் கீழே தீர்ப்பு வந்தது. அவர் மேலே போனார். நேற்று அதுவும் முடிந்தது.

இப்போது அவருக்குச் சர்க்கரை, ஒரு கண் மங்கல், வயசாகிவிட்டது, இனி விட்டுவிடு என்று ஊரில் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்பதையும் உறுதிசெய்யப்பட்ட செய்தியாகவே வைத்துக்கொள். அவளைச் சோறு கொண்டுவந்தவள் என்றார். அந்த ஒரு சொல்லை நான் நீ சொன்னபடி கசக்காமல் மடித்து வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து என் கையில் இருப்பது அந்த மடிப்புதான்.

மதுரையிலிருந்து திரும்பும் வழியில் உன் கடைக்குப் போனேன். மதினியும் முத்துச்செல்வியும் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் உன் மெஷினில்தான் உட்காருகிறாள். செய்தியைச் சொன்னேன். மதினி அழுதார்கள். அவள் அழவில்லை. அம்மா படத்தை அந்த ஆளுக்குக் கொடுக்க மனசு வருமா என்று கேட்டேன். தாளில் வரைந்தது தன்னிடமே இருக்கிறது, துணியில் இருப்பது அவர் கையெழுத்துப் போட்டது, அது அவருக்குச் சேர வேண்டியது என்றாள். பிறகு அலமாரியில் துழாவி ஒரு துண்டுத் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல ரத்தச் சிவப்பு.

"உள்பக்கம் இத வச்சுத் தைக்கேன் மாமா. அவுகளுக்குச் சிவப்பு பத்தலன்னாகள்ல."

நிலுவையில் இருப்பது இதுதான். அந்தத் துணி சான்றாக எண் போட்டு விசாரணை அதிகாரியின் ஆபீசில் இருக்கிறது. திருப்பித் தரக் கேட்டு நாளை மனு போடுகிறோம். புரட்டாசிக்குள் கைக்கு வரும் என்று பிரிவு எழுத்தர் சொல்கிறார். அதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை. தீபாவளி ஐப்பசியில். தைக்க அவளுக்கு ஒரு பகல் போதும்.