மாவடிப்பள்ளித் தண்ணீரில் இறங்கிய கார்

அன்பின் மச்சான்,

நேற்றுப் பின்னேரம் கல்முனைப் பசாரில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஓர் ஓட்டோவில் ஏறினேன். இருக்கையெல்லாம் ஈரம். நனைந்த ரெக்சினும் பெற்றோலும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஏழு மாதமாகிறது. உங்களிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இவ்வளவு காலம் தள்ளிப்போட்டுவிட்டு, இப்போது கடிதம் எழுதுகிறேன். என் கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என்னுடன் பிறந்த ராத்தாவைக் கலியாணம் முடித்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நம் ஊர்களில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வர வேண்டும். சம்மாந்துறையில் உங்கள் உம்மாவின் ஒரே ஆண்பிள்ளையாக வளர்ந்த மனிதர், கல்முனையில் எங்கள் மண்டபத்தில் கதிரை நுனியில் உட்கார்ந்திருப்பீர்கள். உம்மா உங்களோடு கதைப்பதில்லை. அது கோபமில்லை, வழக்கம். புது மருமகனுக்கு முன்னால் மாமி வரமாட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்கும்படி என்னிடம் சொல்வார். நான் கேட்பேன். நீங்கள் போதும் என்று என்னிடமே சொல்வீர்கள். நாலு முழத் தூரத்தில் இருந்த இரண்டு பேருக்கு நான் தபால்காரன்.

அந்த ஐப்பசியில் வெளியூர்க்காரர்கள் சிலர் நம் பக்கத்தில் இரண்டு நாள் கார் ரலி ஒன்று வைத்தார்கள். சனிக்கிழமை கல்முனையிலிருந்து பொத்துவில் போய்த் திரும்புவது, ஞாயிற்றுக்கிழமை அம்பாறை போய்த் திரும்புவது. வேகமாக ஓடுவதல்ல, குறித்த நேரத்துக்குக் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்குவதுதான் போட்டி. மாரி தொடங்குகிற நேரத்தில் இதை வைக்கலாமா என்று வயற்காரர் ஒருவரைக் கேட்டிருந்தாலே போதும். அவர்கள் கேட்கவில்லை. நெல் வியாபாரியின் மகன் நானும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயது, கார் ஓட்ட லைசன் இல்லை, ஆசைக்கு மட்டும் குறைவில்லை.

வாப்பாவின் கறுப்பு ஒஸ்டின் காரை நான் தொடவே முடியாது. ஆனால் புது மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் பெண் வீட்டார் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாள் உங்களை நச்சரித்துக் கேட்க வைத்தேன். வாப்பாவின் முகம் கறுத்தது, ஆனாலும் சாவியைத் தந்தார். நீங்கள் ஓட்டுவது, நான் பக்கத்தில் இருந்து வழித்தாளைப் பார்த்து வழி சொல்வது என்று ஏற்பாடு.

சனிக்கிழமை அக்கரைப்பற்றைத் தாண்டுவதற்குள் வானம் பிளந்துகொண்டது. பொத்துவில் பாதையில் வெள்ளம், எல்லாரும் திரும்புங்கள் என்று ஆள் வந்து சொன்னார்கள். ஆலையடிவேம்புப் பக்கம் ஒரு மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, மழை விடும்வரை பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்திருந்தது. அப்போதுதான் நீங்கள் என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்.

"மச்சான், உங்கட உம்மாக்கு என்னைப் பிடிச்சிருக்கா? மாமிர குரல மட்டும்தான் நான் கேட்டிரிக்கன்."

உங்களுக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டு இன்னொரு வாழைப்பழத்தை உரித்தேன்.

மறுநாளும் மழைதான். பாதிக் கார்கள் விலகிவிட்டன. அம்பாறையில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது நாம் முன்னணியில் நின்றோம். சம்மாந்துறையில் உங்கள் உம்மா வீட்டுத் தெருமுனையில் காரை மெதுவாக்கினீர்கள். மாவடிப்பள்ளியில் றோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்வதாக அங்கே நின்றவர்கள் சொன்னார்கள்.

"உம்மாட வீட்ட கொஞ்சம் நிண்டுட்டுப் போவம். வெள்ளம் எண்டா வடியும்தானே. அவசரம் என்னத்துக்கு?" என்றீர்கள்.

கடைசி முத்திரைக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. நான் சம்மதிக்கவில்லை. மாவடிப்பள்ளிக்கு வந்து பார்த்தால் இரண்டு பக்க வயலும் றோட்டும் ஒரே வெள்ளமாகக் கிடந்தன. நெல் மூட்டையோடு ஒரு ட்ரெக்டர் அந்தப் பக்கமிருந்து சாவகாசமாக வந்து ஏறியது. எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ட்ரெக்டர்தானே அளவு. ட்ரெக்டர் போனால் பாதை நல்லது, ட்ரெக்டர் நின்றால் பாதை இல்லை. அதன் பின்சக்கரம் என் நெஞ்சுயரம், ஒஸ்டினின் அடித்தளம் என் முழங்காலுக்கும் கீழே என்பதை நான் யோசிக்கவில்லை.

"ட்ரெக்டர் போகுது, நமக்கென்ன மச்சான்? விடுங்க," என்றேன்.

நீங்கள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு கியரைப் போட்டீர்கள்.

நடுவில் எஞ்சின் இருமி நின்றது. கதவு இடுக்கால் தண்ணீர் புகுந்து ரெக்சின் இருக்கைவரை ஏறியது. வழித்தாள் என் மடியிலிருந்து மிதந்து போனது. அந்த ட்ரெக்டரையே திருப்பி, கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று.

காரைதீவுச் சந்தியில் ட்ரெக்டர் நின்றபோது, நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னீர்கள், காரை நீங்கள் கொண்டுபோங்கள், நான் உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்று. புது மாப்பிள்ளை தாய் வீட்டுக்குப் போய்விட்டால், பெரியவர்கள் போய் அழைத்து வர வேண்டும். அழைத்தும் வராதவர்கள் உண்டு. ராத்தாவின் வாழ்க்கை அந்தச் சந்தியில் நின்றது. அப்போதும் நான், பிழை என்னுடையது, வாப்பாவிடம் நான் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. வந்து முகத்தைக் காட்டிவிட்டாவது போங்கள் என்று கெஞ்சினேன், அவ்வளவுதான்.

பசாருக்குள்ளால் சனம் பார்க்க இழுபட்டு வந்து வீட்டு வாசல் கடப்பில் நின்றோம். வாப்பா குடையோடு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சேறும் பாசியும் வடிந்துகொண்டிருந்தன.

"பிழை என்ட, மாமா. மச்சான் வேணாம் எண்டுதான் சொன்னார். நான்தான் கேக்கல்ல," என்றீர்கள்.

வாப்பா உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் கடப்புக்கு வெளியே மழையில் நின்றீர்கள். ராத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சம்மாந்துறைப் பக்கமாக ஓரடி திரும்பியதையும் கண்டேன்.

அப்போதுதான் உம்மா வந்தார். திரைச்சீலையைத் தள்ளிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு, குடையுமில்லாமல், முற்றத்துச் சேற்றில் கால் வைத்துக் கடப்புவரை வந்து உங்கள் முகத்தைப் பார்த்தார்.

"மகன், உள்ளுக்கு வாங்க. சோறு ஆறுது."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு உம்மாவின் பின்னால் போனீர்கள். அன்று முதல் எனக்குத் தபால் வேலை போயிற்று.

கார் ஒரு மாதத்தில் திருந்தியது. உங்கள் பெயர்தான் திருந்தவில்லை. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் யாராவது ஒருவர் 'வெள்ளத்து மாப்பிள்ளை' கதையை எடுப்பார். நீங்களே முந்திக்கொண்டு, ட்ரெக்டருக்குப் பின்னால் போட்டி முடித்த ஒரே ஆள் நான்தான் என்று சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள். பக்கத்தில் இருந்து நானும் சிரித்தேன், மச்சான். முப்பது வருஷத்துக்கு மேல் சிரித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சனம் கலைந்த பிறகு ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று பார்த்தேன். கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "எனக்குத் தெரியும் தம்பி," என்றாள்.

அன்றைக்கே உம்மா சொல்லிவிட்டாராம், மருமகன் தண்ணியில இறங்குற ஆளில்ல, இது நம்மட ஆள்ர வேல என்று. அன்று சோறு வைத்துக்கொண்டே, ஏன் மகன் அவனுடைய பழியை நீங்கள் எடுத்தீர்கள் என்று உங்களிடமும் கேட்டாராம்.

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'மச்சானுக்கு மாமா அடிப்பார். புது மாப்பிள்ளைக்கு அடிக்கேலாதுதானே மாமி' எண்டார்," என்று ராத்தா சொன்னாள். பிறகு அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

எந்த வழக்கத்தைக் காட்டி நான் சாவியைப் பறித்தேனோ, அதே வழக்கத்தால் நீங்கள் என்னை மூடி மறைத்திருக்கிறீர்கள். மாமியும் மருமகனும் முதன்முதலில் வாய் திறந்து கதைத்ததே நீங்கள் என்னைக் காப்பாற்றியதைப் பற்றித்தான். உம்மா மௌத்தாகும்வரை அதை என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை, நீங்களும்தான்.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் மறுபடி அந்தக் கதையை எடுத்தார்கள். நான் எழும்பி நின்று, காரைத் தண்ணீரில் விடச் சொன்னது நான், மச்சான் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மௌத்தாகிப் போனவர் மேலுள்ள இரக்கத்தில் நான் பழியை எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்து, ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "நல்ல மனம் மகன் உங்களுக்கு," என்றார்.