அறுபத்தொரு சதவீதம்

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்கு மனசு ஆறும். அம்மா நன்றாக இருக்கிறாள் என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள், நான் இவ்வளவு தள்ளி எழுதியதற்கு இப்போதுதான் திட்டு வாங்கினேன். அண்ணா, அவள் "நான், நான்" என்று சொல்வதை நான் "அம்மா" என்று மாற்றி எழுதுகிறேன், இல்லாவிட்டால் யார் பேசுவது என்று எனக்கே குழம்பிவிடும். அவள் ஏன் தானே எழுதவில்லை என்று நீ கேட்பாய். வலது கையில் மூன்று விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே என்று இந்த இடத்தில் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவாளாம், நீ அங்கே தனியாக உட்கார்ந்து என்னவோ ஏதோ என்று பதறுவாயாம். அதுவும் போக, நீ அனுப்பிய போனில் இப்போது யாரும் பேசுவதில்லை. பேசினால் சார்ஜ் இறங்கிவிடும் என்று அதில் மணி பார்ப்பதைக்கூட விட்டுவிட்டோம்.

எல்லாம் அந்த அப்டேட்டில் ஆரம்பித்தது. போன மாதம் முழுக்க அது தினமும் சாயங்காலம் கேட்டுக்கொண்டே இருந்தது, இப்போதா, பிறகா என்று. அம்மா பிறகு, பிறகு என்றே தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, அவர் ஓட்டுகிற லிஃப்டில் யாராவது பட்டனை அழுத்திவிட்டால் போய் நின்றே ஆகவேண்டும் அவருக்கு. "எத்தனை நாளா கேட்டுட்டு நிக்குது பாவம், ஒரு பதில் சொல்லுங்களேன்" என்று அவரே அழுத்திவிட்டார். மறுநாளிலிருந்து போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட ஆரம்பித்தது. காலையில் முழுதாக ஏற்றிக் கொடுத்தால் மதியம் பாதி, மூன்று மணிக்கு அணைந்துவிடும். அம்மாவின் வேலை ஐந்து மணிவரைக்கும். சர்க்கரை நோய்க்காக அவள் புஜத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் பட்டன் சர்க்கரையை அளந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சர்க்கரை இறங்கினால் கத்திச் சொல்ல வேண்டியது போன்தானே. அது அணைந்து கிடந்தால் யார் சொல்வது? மூன்றிலிருந்து ஐந்து வரை நான் வீட்டில் எந்த வேலையும் ஓடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு நான்கு நாள் சார்ஜ் நன்றாக நின்றது. சாயங்காலம் வரும்போதுகூட பாதிக்கு மேல் இருந்தது. ஐந்தாம் நாள், போன புதன்கிழமை, சலவைக்கூடத்தில் அம்மா ஒரே விரிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாளாம். துணி கருகிப் புகை வந்தும் எடுக்கவில்லை, பெட்டியில் விரல் பட்டும் எடுக்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றாளாம். பக்கத்தில் மடிப்பு வேலை செய்கிற அக்கா ஒருத்தி, எல்லோரும் அவளை ரேடியோ என்று கூப்பிடுவார்கள், "என்னக்கா, விரிப்பை வறுக்கிறியா?" என்று கேலி செய்திருக்கிறாள். அம்மா அதற்கு, குழந்தை இன்னும் ஸ்கூல்விட்டு வரலையே என்று பதில் சொன்னாளாம். யார் குழந்தை, எந்த ஸ்கூல்? நான் ஸ்கூலிலிருந்து நின்றே மூன்று வருஷம் ஆகிறது. ரேடியோ அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஓடிப்போய் தேநீர் மேஜையிலிருந்து சர்க்கரையை அள்ளி அம்மாவின் வாயில் திணித்திருக்கிறாள். பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவின் பாவாடைப் பையில் போன் இருந்தது அண்ணா. அணையவில்லை. அறுபத்தொரு சதவீதம் இருந்தது. ஒரு சத்தம் போடவில்லை.

அதிலிருந்து அப்பாவுக்கு அந்தப் போனைக் கண்டாலே ஆகவில்லை. அப்டேட் அதன் மூளையைக் கெடுத்துவிட்டது என்கிறார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே போன் ரிப்பேர் செய்கிறவர், கம்பெனி போனுக்குப் போட்டிருக்கிற பூட்டை உடைத்து உள்ளே போனால் அப்டேட்டுக்கு முன்னால் இருந்த பழையதையே திருப்பிப் போட்டுவிடலாம், சார்ஜும் முன்போல நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அம்மா வேண்டாம் என்கிறாள். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. "என் வீட்டுக்குள்ள இருக்கிற சாமான், அதோட சாவி எவன்கிட்டயோ இருக்குன்னா அது எப்படி என் சாமான் ஆகும்?" என்று அப்பா. "ஏங்க, உங்க லிஃப்டுலயும்தான் ஆள் உள்ள நின்னுக்கிட்டுக் கதவைத் திறக்க முடியாதபடி பூட்டு வெச்சிருக்கீங்க, எதுக்கு? விழுந்துடக் கூடாதுன்னுதானே" என்று அம்மா. "அது வேற" என்றார் அப்பா. "என்ன வேற?" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பூட்டை உடைத்த போனில் இந்தச் சர்க்கரை ஆப் திறக்கவே திறக்காமல் போகலாம், அதன்மேல் நம்பிக்கை வைக்க முடியாது என்று மருத்துவமனை நர்ஸும் சொன்னார். அப்பா காதில் அது ஏறவில்லை, நாளைக் காலை எட்டு மணிக்குக் கடையில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். நீ என்ன சொல்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். உன் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் கேட்கச் சொன்னாள்.

அம்மா கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போயிருக்கிறாள். இனி எழுதுவது அவள் சொன்னது இல்லை. அண்ணா, போன் கெட்டுப்போகவில்லை. நான்தான் செய்தேன். நம் வீட்டில் அறையைவிட்டு வெளியே வந்தால் விளக்கை அணைக்க வேண்டும், குழாயை இரண்டு தடவை இறுக்க வேண்டும், உனக்குத் தெரியும். அதே மாதிரி காலையில் போனை அம்மாவிடம் கொடுக்கும் முன் அதில் திறந்து கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடினேன். அம்மா எழுந்ததும் பார்த்துவிட்டு வைத்த சர்க்கரை ஆப்பையும் சேர்த்துத்தான். நாம் பார்க்காதபோது எதற்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். சார்ஜ் நின்றது. "வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் கிடைச்சாச்சு" என்று அப்பா என் தலையைத் தட்டினார், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. புதன்கிழமை மருத்துவமனையில் நர்ஸ் போனைப் பார்த்துவிட்டு, "இதை யார் மூடினது? மூடினா சத்தம் வராது தெரியுமா?" என்று கேட்டார். அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார், அம்மா மயக்கத்தில் இருந்தாள். மூன்று தடவை கேட்டார். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்குக் காது கேட்காது என்று நினைத்து அவர் போய்விட்டார். அன்றிலிருந்து சொல்லவேண்டும், சொல்லவேண்டும் என்று இருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு அப்பா ஒரு நல்ல போனைக் கொண்டுபோய் உடைக்கப்போகிறார், நான் வாயைத் திறக்காததால். அம்மா குளியலறைத் தாழ்ப்பாளை எடுக்கிறாள்.

அண்ணா, நடுவில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அம்மா வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, எழுதியதை வாசித்துக் காட்டு என்றாள். அப்பாவும் அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் விட்டுவிட்டுப் படித்திருக்கலாம், இரண்டு பேரும் தாளைப் பார்க்கவில்லை. ஆனால் அம்மாவின் கையில் அந்தப் பிளாஸ்டிக் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படித்துவிட்டேன். எல்லாவற்றையும் படித்தேன். யாரும் திட்டவில்லை. அப்பா ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நானும் மூடிட்டுதான் இருந்தேன்மா" என்றார். வேலைவிட்டு வந்ததும் சர்க்கரை நம்பரைப் பார்ப்பாராம், படுக்கும் முன் எல்லாவற்றையும் தள்ளி மூடிவிட்டுச் சார்ஜில் போடுவாராம். அம்மா துண்டைக் கீழே வைத்தாள். அவளும் மதியம் சாப்பிடுமுன் பார்த்துவிட்டு மூடிவிடுவாளாம், குழாயை மூடுகிற மாதிரி. புதன்கிழமையும் மூடியிருக்கிறாள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் சார்ஜை மிச்சம் பிடித்திருக்கிறோம். அப்படியென்றால் அந்த நான்கு ராத்திரியும் அம்மா தூங்கியபோது அவளைப் பார்த்துக்கொள்ள எதுவுமே விழித்திருக்கவில்லை. அப்பா எழுந்து போய்ச் சார்ஜில் இருந்த போனைத் தொடாமல் குனிந்து பார்த்தார். அந்த ஆப் திறந்துதான் இருந்தது. "கடைக்குப் போகலை" என்றார். மாற்று பேட்டரி மட்டும் போட்டால் போதுமா என்று நர்ஸைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றார்.

ஆனால் எதையும் மூடாமல் விட்டால் போன் மறுபடி மூன்று மணிக்கே அணைந்துவிடும். திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போகிறாள், கை ஆறும்வரை மடிப்புப் பக்கம். அவள் மேஜைக்குக் கிட்டே ஒரு பிளக் கேட்க வேண்டும். நீயே மேற்பார்வையாளரிடம் கேள், இனிமேல் அந்தப் போன் உன் பொறுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். "இது வெறும் போன் இல்லை சார், எங்கம்மாவோட உயிர்" என்று அம்மாவிடம் ஒத்திகையாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா கையை ஆட்டினாள். "உயிர்னெல்லாம் சொல்லிடாதே, வேலையைவிட்டே நிறுத்திடுவாங்க. சார்ஜ் போடணும்னு மட்டும் சொல்லு, தலையை நிமிர்த்திச் சொல்லு" என்றாள்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் உடம்பும் மனசும் கெடாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் உன்னை வாழ்த்துகிறார்கள். உயரத்தில் வேலை என்றால் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதே. ஏதாவது தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடு, இது உனக்கு மட்டும் சொன்னது இல்லையாம், எழுதுகிறவளுக்கும் சேர்த்துத்தானாம். நான் எழுதிய அந்தப் பகுதியை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன், இருக்கட்டும், அவனும் படிக்கட்டும் என்றாள்.

உன் அம்மா,
அவளுக்காக எழுதிய தங்கை.