துறையில் கட்டிக்கிடந்த தோணி

நலம் பெருகுக. வெண்கரை நாடு புரக்கும் செங்கோதைப் பெருந்தேவியார், மாலையாற்றின் இரு கரையிலுமுள்ள ஊர்ச்சபையார்க்கும் குடிமக்கட்கும் எழுதுவித்த ஓலை. உங்கள் வயல் விளைக, ஆடு மாடு பெருகுக. கண்மணிகளே, இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். வாசிப்பவர் நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும். பின்னால் நிற்கும் பெண்களுக்கும் கேட்க வேண்டும். ஒரு கதை சொல்கிறோம்.

பனந்துறையில் சடையன் என்றோர் ஓடக்காரர். அரச ஓலை வந்தால் தலைமேல் வைத்து ஏற்பது நம் நாட்டு முறை. தலையில் வைத்தபின் ஏன் என்று கேட்பாரில்லை. ஏன் கேட்பதில்லை என்பதை அறிய நம் அமைச்சர் வில்லவராயர் ஆசைப்பட்டார். 'பொழுது சாயும்வரை எதிர்க்கரையிலிருந்து எவரையும் ஏற்றாதே' என்று, காரணம் கூறாமல், எம்மையும் கேளாமல், எம் பெயரால் சடையனுக்கு ஓர் ஓலை விடுத்தார். யாரேனும் வந்து காரணம் கேட்பார்களா என்று அரண்மனை வாயிலைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

உச்சிவேளையில் எதிர்க்கரையில் ஒரு கூக்குரல். சடையனின் மகள் பூவாயியைப் பாம்பு தீண்டியிருந்தது. கணவன் தோளில் சுமந்துவந்தான். வைத்தியர் இக்கரையில்.

"மாமா! தோணியைக் கொண்டாங்க மாமா! பூவாயிக்குக் கண்ணு சொருகுது!"

சடையன் துடுப்பை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"யோவ் சடையா, என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? உம் மகய்யா அது!" என்றார் துறையில் கூடியிருந்தவர்களில் ஒருவர். "தலையில வச்சதை இறக்கி வச்சா தலையா போயிடும்?" என்று ஏசினார் இன்னொருவர். ஏசியவர்களில் ஒருவர்கூடத் துடுப்பை வாங்கக் கை நீட்டவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எதிர்க்கரையில் "அப்பா" என்ற குரல் இருமுறை கேட்டது. பிறகு மருமகன் அழுகை மட்டும் கேட்டது.

மறுநாள் வில்லவராயர் ஓடிவந்து, தண்டனைக்கு அஞ்சினீரா என்று வினவினார்.

"பயமெல்லாம் இல்லீங்க சாமி. பெரியவங்க சும்மா சொல்வாங்களா? அந்தக் கரையில கொள்ளைநோய் ஏதும் கண்டிருக்குமோ, எம் பிள்ளைக்காக ஊரையே பலி குடுத்துடக் கூடாதேன்னு நின்னுட்டேன். என்ன காரணம் சாமி அது?"

அமைச்சர் உண்மையைச் சொன்னார்.

"சோதனையா? அப்போ நான் தேறினேனா சாமி, தோத்தேனா?"

வில்லவராயர் பதவி துறந்தார். அதனால் யாருக்கு என்ன ஆறுதல்? சடையன் இன்றும் தோணி விடுகிறார். எதிர்க்கரையில் மட்டும் கால் வைப்பதில்லை.

ஆகவே ஆணையிடுகிறோம்: காரணம் எழுதாத ஓலை எம் ஓலை அன்று. காரணமே எழுதியிருப்பினும், ஓர் உயிர் போகுமெனக் கண்டால் முதலில் உயிரைக் காத்து, பிறகு வந்து எம்மைக் கேளுங்கள். கேட்டவரை ஒருவரும் தண்டியார். இந்த ஆணைக்கும் காரணம் உண்டு: அந்தத் தகப்பன் கேட்டதற்கு இவ்வரண்மனையில் எவரிடமும் விடையில்லை.

மீன்கொத்தி முத்திரை இட்டோம். உங்கள் வீடுகளில் விளக்கு நிறைந்து எரிக. பிள்ளைகள் கூப்பிட்டால், யாரையும் கேளாமல் ஓடும் கால்கள் உங்களுக்கு வாய்க்குக.