ஆம் என்று எழுதினேன்

என்னவருக்கு,

நேற்று மாத்திரை இல்லாமலே தூங்கினீர்கள் என்று நர்ஸ் சொன்னார். கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க நீங்கள் கையெழுத்திட்டுத் தந்த படிவத்தில், மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறீர்களா என்றொரு கேள்வி இருந்தது. "இல்லன்னு எழுதிடு, யாருக்குத் தெரியப் போகுது?" என்றீர்கள். நான் 'ஆம்' என்று எழுதினேன்.

உங்கள் தம்பியோடு போய், துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா, "வீட்டுக்காரர் கோபக்காரரா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லம்மா! எறும்ப மிதிச்சாக்கூட வருத்தப்படுவார். அவரால அடுத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் தந்தார்.

பதினெட்டு வருஷம் வங்கி வாசலில் அந்தத் துப்பாக்கியோடு நின்றவர் நீங்கள். "அது இல்லாம நான் யாரு?" என்று கேட்பீர்கள், தெரியும். மேனேஜரிடம் பேசினேன். "லாக்கர் ரூமப் பார்த்துக்கட்டும். அவர் உள்ள இருந்தாலே எங்களுக்குத் தைரியம்" என்றார்.

உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். ஆனால், வேலைக்குப் போகாமல், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்களே, அந்தக் காலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து வாய் வலிக்கத் திட்டுங்கள். திட்டுவதற்கு நீங்கள் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.

உங்கள் பிடிவாதக்காரி