இரும்புக் கடைக்குப் போன கதவுகள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கே உடம்பளவில் நானும் அப்பாவும் நலம்தான், உடம்பைத் தாண்டி யாராவது விசாரித்தால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. குழந்தைக்கு இருமல் நின்றதா? குளிர் என்று ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தி வைக்காதே, ஒரு ஓரமாகவாவது காற்று வரட்டும். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, ஊசியில் நூல் கோக்க இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை, இந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதையும் போயிற்று என்று சொன்னேன், சிரித்தார். அவர் சிரித்தே நாளாகிறது, அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு போனில் கார் எப்படியிருக்கிறது என்று நீ கேட்டாய், இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குப் பேச்சை மாற்றினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து தையல் அறைக்குப் போய்விடுகிறார், அதனால்தான் போனில் சொல்லாமல் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தக் காரை நான் வாங்கியபோது நீ வெளிநாடு போய்விட்டிருந்தாய், உனக்கு எல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். எக்ஸ்ரே அறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், பல் டாக்டர் வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் வாடிக் கிடந்த வண்டி அது, இரண்டு கதவு, குட்டி முதுகு, பின் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. டாக்டர் போன பிறகு அவர் வீட்டம்மா எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார், கையைக் கடிக்காத விலைக்குக் கிடைத்தது. அப்பா வாசலில் நின்று, "மத்த வீட்டுல புருஷன் ஓட்டை வண்டியைக் கொண்டாந்து நிறுத்துவான், பொண்டாட்டி தலையில அடிச்சுக்குவா, நம்ம வீட்டுல எல்லாமே தலைகீழ்" என்றார், சொல்லிக்கொண்டே இஞ்சி டேப்பை எடுத்து சீட்டை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஏன் வாங்கினாய் என்று நீயும் அப்போது கேட்டாய். வேலையில் இருந்தவரைக்கும் உடைந்ததையெல்லாம் படம் பிடித்துக் கொடுத்தேன், ஒட்டியதெல்லாம் வேறு யாரோ. ஒன்றையாவது நானே கூட இருந்து ஒட்டிப் பார்க்கலாமே என்று ஆசை, வேறொன்றுமில்லை.

நம்மைப் போன்றவர்கள் பழைய வண்டி வைத்துக்கொள்வதென்றால் பொறுமைதான் முதல். இந்த மாதம் பிரேக், அந்தச் செலவு ஆறின பிறகு வயரிங், பிறகு கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு தூசி தட்டுவது, இப்படித்தான் காலத்தை ஓட்டினேன். டயர் வீணாகாமல் மரக்கட்டை மேல் ஏற்றி வைத்து, எலி வராமல் வயரையெல்லாம் சுற்றி வைத்து, கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவரிடம் ஹெட்லைட் பழசாக வாங்கி வைத்தேன். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருப்பேன், தகரத்தில் வைத்தால் ஒட்டும், உள்ளே ஓட்டையை மறைக்கப் பட்டி போட்டுத் தேய்த்திருந்தால் ஒட்டாமல் விழும். அதைப் பார்த்துத்தான் டிங்கர் தம்பி எனக்குக் காந்தக்கா என்று பெயர் வைத்தார். அவரை நீ போட்டோவில் பார்த்திருக்கிறாய், பெரிய கை, சின்ன மீசை, காரின் உடம்பு வேலை முழுக்க அவர்தான். தரைத் தகடெல்லாம் துரு தின்றுவிட்டது, முழுசாகப் பிரித்து வெட்டி ஒட்டினால்தான் நிற்கும் என்றார். சரி என்று இந்தக் கோடையில் அவர் ஷெட்டில் கொண்டுபோய் விட்டோம். கதவு, பானட், மட்கார்டு, முன்பக்கத்துச் சல்லடை எல்லாம் கழற்றி அடுக்கினார். அங்கே இன்னும் சிலருடைய பழைய வண்டிகளும் இதே கதியில் கிடந்தன, யாருடைய கதவு எது, எந்த டப்பாவில் யாருடைய நட்டு என்று எதுவும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் அவர் தலைக்குள்தான். நான் கேட்டதற்கு, "உங்க புள்ளை எதுன்னு கூட்டத்துல உங்களுக்குத் தெரியாதா காந்தக்கா" என்றார்.

அந்தத் தலையில்தான் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நம்முடைய தரைத் தகட்டைப் பற்ற வைத்து முடித்து, முகமூடியைக் கழற்றிவிட்டுத் தேநீர் டம்ளரை எடுத்திருக்கிறார், டம்ளர் கையில் நிற்கவில்லை, அவரும் நிற்கவில்லை. அப்பாவும் நானும் பதறிக்கொண்டு ஓடினோம், நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். ஸ்கேன் அறையில் எனக்குப் பின்னால் சேர்ந்த பெண்ணே இருந்தாள், அவள் படத்தைத் திரையில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. வெளியே வந்தால் அவருடைய பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களுக்குப் படம் பாக்கத் தெரியும், எழுந்துடுவார்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று கேட்கிறாள். படம் எடுப்பவர் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையில் சட்டம், எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லி நகர்ந்திருக்கிறேன். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன், நகரத்தான் முடியவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை, வலது கால் அசைவதில்லை. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. எதைக் கேட்டாலும் "சரி" என்கிறார். பசிக்கிறதா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி, கோபம் வந்து இடது கையால் கட்டிலை அடிக்கும்போதும் சரி, சரி என்றுதான் கத்துகிறார். மனசுக்குள் எல்லாம் இருக்கிறது, வாய்க்கு வரும்போது இது ஒன்றுதான் வருகிறது. அப்பா சாயங்காலம் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வருகிறார், அந்த மீசையைப் பழையபடி ஒதுக்கிவிட அப்பாவின் கத்தரிக்குத்தான் வருகிறதாம். காரைப் பற்றி அங்கே வாயே திறப்பதில்லை, நானும்தான். படுத்திருக்கிற மனிதரிடம் போய் என் கார்புரேட்டர் எந்த டப்பாவில் என்று எப்படிக் கேட்பது நீயே சொல்.

ஷெட்டை வாடகைக்கு விட்டிருந்த ஷெட்டுக்காரர் கொஞ்ச நாள் பொறுத்தார், பிறகு தண்ணீர் கேன் வியாபாரத்துக்கு இடத்தைக் கொடுத்துவிட்டார். டிங்கர் தம்பியின் பெண்டாட்டி அவரவர் சாமானை எடுத்துக்கொள்ளச் சொல்லி எல்லாருக்கும் போன் செய்தாள். அன்று அப்பாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் முறை, மறுநாள் காலையில் வருகிறோம் என்றேன். மறுநாள் போனபோது ஷெட் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. நடுவில் நம் வண்டியின் கூடு மட்டும் கட்டை மேல் நிற்கிறது, அதைத் தூக்க ஆள் போதவில்லையாம். எஞ்சின் ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்ததால் தப்பியது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்ததெல்லாம் குப்பை என்று நினைத்து, ஷெட்டுக்காரர் இரும்புக் கடை லாரியை வரவழைத்து ஏற்றிவிட்டார். "துருப்பிடிச்ச தகரம்மா, யாருக்காவது வேணும்னு நான் கனவா கண்டேன்" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை, அதனால் சண்டைகூடப் போட முடியவில்லை. ஆட்டோ பிடித்து இரும்புக் கடைக்குப் போனோம். மலை மாதிரிக் குவியல், கட்டில் கால், சைக்கிள், பீரோ கதவு. அப்பா செருப்போடு அதன் மேல் ஏறிவிட்டார், இறங்குங்க இறங்குங்க என்று நான் கீழே நின்று கத்துகிறேன். நம்முடைய கதவில் ஒன்று கிடைத்தது, இயந்திரம் அதை நான்காக மடித்திருந்தது, நான் மெழுகு போட்டுத் துடைத்த கைப்பிடி மட்டும் மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது, பானட், சல்லடை எல்லாம் காலையிலேயே உருக்காலைக்குப் போன லோடில். கடைக்காரர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டு நாற்காலி போட்டார், "எனக்கு எடைதாம்மா தெரியும், என்ன பொருள்னு தெரியாதே" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள், என் வண்டிக்குத்தான் கதவில்லை.

கூட்டை லாரியில் கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறோம், எஞ்சின் முன்னறையில், சோபா இருந்த இடத்தில். வருகிறவர்கள் அதன் மேல் பையை வைக்கிறார்கள். இந்த வண்டிக்குக் கதவு புதிதாக எங்கேயும் அடிப்பதில்லை, பழசு கிடைத்தால் உண்டு, கிடைக்க வேண்டுமென்றால் இதே போல இன்னொரு வண்டி எங்கேயாவது சாக வேண்டும். தகட்டிலிருந்து அடித்துத் தர ஒருவரால்தான் முடியும், அவர் கட்டிலில் இருக்கிறார்.

போன வாரம் அவர் பெண்டாட்டி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயே கிடந்து ஆத்திரப்படுகிறார், வேலை செய்த வண்டியைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வருமே என்று நினைத்திருக்கிறாள், என்னைக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள், எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாசலில் நாற்காலியை நிறுத்தியதும் முகமே மாறிவிட்டது. இடது கையை நீட்டித் தான் பற்ற வைத்த தரைத் தகட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார், திருப்தி போல. அப்புறம் கதவு இருக்க வேண்டிய இடத்துக்குக் கை போயிற்று. கீல் மட்டும் இருக்கிறது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அந்தப் பக்கத்துக் கதவு இடத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் பெண்டாட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இரும்புக் கடை விஷயத்தை அவரிடம் அவள் சொல்லவேயில்லை. நான், "பெயின்ட்டுக்குப் போயிருக்கு தம்பி, வந்துரும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி" என்றார். நம்பிச் சொன்னாரா, வேறு வார்த்தை இல்லாமல் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லையம்மா. அப்பா உள்ளே போய்விட்டார், தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தேநீர் கொண்டுபோனால் மிஷினில் துணியே இல்லை, சும்மா மிதித்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் அவள் போன் செய்து, நோயில் விழுந்த பிறகு நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினார் அக்கா, வாரா வாரம் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். வா என்று சொல்லிவிட்டேன்.

விற்றுவிடுங்கள் என்று நீ முன்னே எழுதியதை மறக்கவில்லை, உன் மேல் கோபமும் இல்லை. ஆனால் எதை விற்பது, யாரிடம் விற்பது. போதாததற்கு அப்பா காரின் சீட்டுக்கு உறை தைத்து முடித்துவிட்டார், கறுப்பு ஓரம் வைத்துச் சிவப்பு, அழகாகத்தான் இருக்கிறது. அங்கே நீ கதவு தேடி அலையாதே, கப்பல் கூலிக்கு நாம் எங்கே போவோம், குழந்தைக்கு ஒரு நல்ல குளிர் சட்டை வாங்கு.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் பல்லாண்டு இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் சீட்டின் நிறத்தை மட்டும் கேள், கதவைப் பற்றிக் கேட்காதே. புதன்கிழமை அவள் டிங்கர் தம்பியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறாள். மறுபடி அந்த இடத்தில் கையை வைத்து என்னைப் பார்ப்பார். பெயின்ட் காய எவ்வளவு நாளாகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? அப்போது நான் என்ன சொல்வது, உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது கண்ணு.

ஆசிகளுடன்,
உன் அம்மா