என் பெயருக்கு வந்த குழந்தை

மார்ச் 4, திங்கள்

காலையில் சாயப்பானை காலை வாரிவிட்டது. செங்கல் நிறத்தில் வரவேண்டிய நூல் கோழி ஈரல் நிறத்தில் வந்திருக்கிறது. மாநலெடி அதைக் கொம்பால் தூக்கிப் பார்த்தாள். "இதைப் போர்த்திக்கிட்டுப் படுத்தா பேய்கூட பக்கத்துல வராது. பேய்ப் போர்வைன்னு சொல்லி வித்துடலாம், கேட்டா காத்து கருப்பு அண்டாதுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கறுப்பில் முக்கி எடுத்துவிட்டோம்.

தலைநகர் மசேருவிலிருந்து ஒரு கடைக்காரி போன் செய்தாள். ஒரு விடுதிக்கு எட்டுப் போர்வை, இருபது கழுத்துத் துணி. ஜூன் முதல் வாரத்துக்குள். எல்லாமே குட்டி ஆட்டின் முதல் மயிரில்தான் வேண்டும், மற்றது உடம்பில் குத்துகிறதாம். முதல் மயிர் எங்களிடம் ஒரே ஒரு மூட்டை இருக்கிறது. ஜூன், ஜூலைக் குளிர் முடிந்து ஆடுகளைக் கத்தரிக்கிறவரை அதுதான். எட்டுப் போர்வைக்கும் கழுத்துத் துணிக்கும் கணக்காகப் போதும்.

பெரிய நெசவுக்கூடத்தை விட்டு நானும் மாநலெடியும் தனியாகத் தறி போட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. சொல்லிக்கொள்கிற மாதிரி வந்த முதல் ஆர்டர் இது.

மார்ச் 20

என் வீட்டுக்காரர் தெகோ போன் செய்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்த சுரங்க வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, இனி நிலத்துக்கடியில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

"அடுத்த மாசம் வரேன். நான் தனியா வரலை" என்றார்.

யாரோடு என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஏப்ரல் 6, சனி

வந்துவிட்டார்கள்.

வண்டியிலிருந்து முதலில் தெகோ இறங்கினார். சட்டை யாரோ கொடுத்தது போலத் தொங்கியது. பின்னால் ஒரு பெண். இருபத்தைந்து இருக்கும். நேயோ என்று பெயர். இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை.

வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வரும் ஆண்பிள்ளைக்கு அங்கே ஒருத்தி இருப்பாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதை எப்போதோ விழுங்கிவிட்டேன். குழந்தை இருக்கும் என்பதையும்கூட.

குழந்தையின் பேர் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

தெகோ தரையைப் பார்த்துக்கொண்டு, "புசெலெட்சோ" என்றார்.

ஏப்ரல் 7

பதினான்கு வருடத்துக்கு முன்னால், நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, ஆடு வெட்டி, தோளில் போர்வை போட்டு, மாமியார் எனக்குப் பெயர் வைத்தார். மாபுசெலெட்சோ. புசெலெட்சோவின் அம்மா. பிறக்கப்போகிற பிள்ளைக்கும் எனக்கும் சேர்த்து ஒரே பெயர். அவருக்கும் அவர் மாமியார் அப்படித்தான் வைத்தார்: மாதெகோ. அவருக்குத் தெகோ பிறந்தார். எனக்கு யாரும் பிறக்கவில்லை. ஆனாலும் பெயர் என்னிடம்தான் இருந்தது. கோவிலில், சந்தையில், போர்வை வாங்குகிறவர்களிடத்தில் — எங்கேயும் நான் புசெலெட்சோவின் அம்மா.

மாமியாரிடம் கேட்டேன். "ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"பொறந்த அன்னிக்கே போன் பண்ணான். என்ன பேரு வைக்கறதுன்னு கேட்டான். பேருதான் இருக்கே, சும்மாத்தானே கெடக்குதுன்னேன்."

சும்மாக் கிடந்ததாம். சும்மாவா கிடந்தது? நான் அதைச் சுமந்துகொண்டு அலையவில்லையா? இவன் எப்படி வாயைத் திறந்து அந்தக் குழந்தையை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்? ஒரு தடவைகூட நாக்கு இடறலையா?

ஏப்ரல் 22

ஊருக்குப் பழகிவிட்டது. தண்ணீர்க் குழாயில் நேயோவை "மாபுசெலெட்சோ" என்று கூப்பிடுகிறார்கள். நான் திரும்பினால், "உன்னை இல்லம்மா" என்கிறார்கள்.

படுக்கை அறையை அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. குழந்தைக்குக் குளிருமாம். நான் மாமியாரின் அறையில் பாய் போட்டுக்கொண்டேன்.

நேயோ மோசமானவள் இல்லை. அக்கா அக்கா என்று பாத்திரத்தைக் கையிலிருந்து பிடுங்கிக் கழுவுகிறாள். மோசமானவளாக இருந்திருந்தால் தேவலை.

மே 9

ஐந்து போர்வை முடிந்தது. ஆறாவது தறியில்.

வீட்டில் தெகோவின் நிலைமை சரியில்லை. உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். குளிர் தாங்கவில்லை, ஆனால் போர்வையைப் போட்டால் பாரம் நெஞ்சை அமுக்குகிறது என்று தள்ளிவிடுகிறார். போட்டால் மூச்சு இல்லை, எடுத்தால் நடுக்கம். இன்றைக்கு மத்தியானம் நேயோ துணி துவைக்கப் போயிருந்தாள். நான் கூழ் கொண்டுபோனேன். கிண்ணத்தைத் தொடவில்லை.

"உன் தறியில... கனமே இல்லாம... ஒண்ணு நெய்ய முடியுமா?"

"உங்க புசெலெட்சோவோட அம்மாவை நெய்யச் சொல்லுங்க."

அவருக்கு மூச்சு விடவே நேரம் போதவில்லை. அழுகிறாரா, மூச்சுக்குத் தவிக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மே 10

முடியும். குட்டி மயிர் நூலை ஒற்றை இழையாக விட்டு, பாவு நூலை இடைவெளி விட்டுப் போட்டு, பலகையை ஓங்கி அடிக்காமல் தொட்டுத் தொட்டு நெய்தால் முடியும். நெய்த பிறகு சீப்பால் வாரி மயிரை எழுப்பினால் சூடு நிற்கும், எடை இருக்காது. கட்டில் அகலத்துக்கு வேண்டும். அதாவது இரண்டு போர்வையின் நூல்.

எதற்காக நெய்யவேண்டும்?

மே 13

மூட்டையைத் திறந்து ராட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

மே 16

தன் ஊருக்குப் போயிருந்த மாநலெடி திரும்பி வந்து, மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தறியைப் பார்த்தாள்.

"இது ஆர்டர் இல்லையே."

"இல்லை."

"அந்த ஆளுக்கா?"

நான் நாடாக்கட்டையை எறிந்து நெய்துகொண்டே இருந்தேன்.

"எட்டு ரூமுக்கு எட்டுப் போர்வைடி. ஆறைக் கொண்டுபோய் நீட்டினா ரெண்டு பேரு சாக்கைப் போர்த்திக்கிட்டுத் தூங்குவாங்களா? இந்த ஆள் உனக்கு என்ன செஞ்சான்? ஒரே ஒரு பேரு வெச்சிருந்த, அதையும் கொண்டுபோய் இன்னொருத்தி வயித்துல போட்டுட்டு வந்தான். அவனுக்குப் போய்..."

"அவருக்கு மூச்சு விட முடியலை, மாநலெடி."

"எனக்கும்தான் முடியலை" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மே 24

முடிந்தது. வெள்ளை, சாயமே போடவில்லை. மடித்துக் கையில் வைத்தால் ஒன்றும் வைக்காத மாதிரி இருக்கிறது. இருபது வருட நெசவில் இப்படி ஒன்று நான் நெய்ததில்லை.

தெகோவின் மேல் போட்டேன். நெஞ்சில் படுகிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். பகல் பொழுதிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். எத்தனை வாரத்துக்குப் பிறகு!

சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். குழந்தை அதற்குள் புகுந்து அவர் விலாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு தலைதான் வெளியே தெரிந்தது. இருவருக்கும் ஒரே நெற்றி.

ஜூன் 6

கடைக்காரி ஆறு போர்வையையும் எடுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா விடுதிக்காரங்க ஒரே மாதிரி எட்டு கேட்டாங்க. நான் வேற எடத்துல சொல்லிட்டேன்" என்றாள். கழுத்துத் துணிகளை மட்டும் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 17

மாநலெடி மசேருவுக்குப் போகிறாள். ஜீன்ஸ் தைக்கிற தொழிற்சாலை. நாள் முழுக்கப் பித்தான் ஓட்டை போடுகிற வேலையாம்.

தன் ராட்டையைக் கேட்கவில்லை. "நீயே வெச்சுக்க. அங்க நூல் வேலை இல்லை, ஓட்டை வேலைதான்" என்றாள். நான் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தெகோ போய்விட்டார். வெளியே எல்லாம் உறைபனி. நேயோவின் அலறல் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

ஜூலை 9

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு இது நடக்கவே இல்லை என்பார்கள்.

கட்டிலையும் பெட்டிகளையும் வெளியேற்றிவிட்டு, சுவரோரம் மெத்தை போட்டார்கள். அடக்கம் முடிகிறவரை பெண்டாட்டி அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர் வந்து அவளிடம்தான் துக்கம் கேட்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நேயோ தலையில் போர்வையோடு மெத்தையில் உட்கார்ந்திருந்தாள்.

தெகோவின் பெரியப்பா, "மாபுசெலெட்சோ வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்துட்டேன் பெரியப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியார்தான் பேசினார். "அவர் புசெலெட்சோவோட அம்மாவைக் கேட்டார்."

"அது நான்தானே? நீங்க வெச்ச பேரும்மா."

"அப்படியா? எங்கே உன் புசெலெட்சோ? கூட்டிக்கிட்டு வா, பார்க்கறேன்."

நேயோ எழுந்தாள். "அக்கா உட்காரட்டும். முறைப்படி அவங்கதானே..." மாமியார் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"எனக்குத்தானே பரிசமா எங்க வீட்டுக்கு மாடு கொடுத்தீங்க?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"கொடுத்த மாடெல்லாம் கன்னு போட்டுடுச்சு. நீ?"

அறையில் பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

வெளியே வந்தேன். முற்றத்தில் அண்டை வீட்டுப் பெண்கள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு ஒரு கத்தியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 13

அடக்கம். எனக்குப் பின் வரிசை. என் போர்வையை அவரோடு அனுப்ப விடவில்லை. ஆண்பிள்ளையைக் கனமான போர்வையில்தான் அனுப்பவேண்டும் என்று பெரியப்பா கடையில் வாங்கியதைப் போர்த்தினார். அவ்வளவு பாரத்தை. நெஞ்சின் மேல்.

ஆகஸ்ட் 11

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கறி சமைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும்தான் பேச்சை எடுத்தார்கள்.

"நீ திரும்பி வந்துட்டேன்னு தெரிஞ்சா அவங்க கொடுத்த பரிச மாட்டைத் திருப்பிக் கேப்பாங்க" என்றான் அண்ணன். "உனக்கு வந்த மாட்டைப் பரிசமா ஓட்டிக்கிட்டுப் போய்த்தான் நான் இவளைக் கட்டினேன். இப்ப நான் எங்கடி போவேன்?"

அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திருப்பிக் கொடு என்று நானா சொல்ல முடியும்?

இப்போது தறிக்கொட்டகையில்தான் குடியிருக்கிறேன். படுக்கைக்கு ஆறு போர்வை இருக்கிறது. அதில் ஒன்றும் குறைவில்லை.

செப்டம்பர் 2

மசேருவில் அக்டோபரில் கைத்தறிச் சந்தை. தனியாக நெய்கிறவர்களுக்கென்றே பதினைந்து கடை ஒதுக்குகிறார்களாம். வெளியூர் வியாபாரிகள் எல்லாம் வருவார்கள் என்று மாநலெடி போனில் சொன்னாள். "படிவத்தை வாங்கி அனுப்பறேன், எழுதிப் போடு. ஏதாவது செய்டி, சும்மா உக்காந்துக்கிட்டு இருக்காதே."

செப்டம்பர் 9

படிவம் வந்தது. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் எழுதவேண்டும். அட்டையைத் தேடி எடுத்தேன்: செல்லோவானே ராமைலி. அம்மா வயிற்றில் நான் இருந்தபோது அப்பா இறந்துபோனார். அழுகைக்கு நடுவில் பிறந்தவள் என்று வைத்த பெயர். இந்த ஊரில் யாருக்கும் இது தெரியாது. அண்ணனே இப்போது என்னை மாபுசெலெட்சோ என்றுதான் கூப்பிடுகிறான்.

நிதானமாக, எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

அக்டோபர் 10, வியாழன்

மசேருவுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன்.

கடை ஒதுக்குவது குலுக்கல் முறையில். பெரிய கூடம், நூறு பேருக்கு மேல். ஆறு போர்வையும் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஒரு பெண் சீட்டு எடுக்க, கண்ணாடி போட்ட ஒருவர் ஒலிபெருக்கியில் வாசித்தார். மூன்று முறை கூப்பிடுவோம், எழுந்து வராவிட்டால் அடுத்த சீட்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி எழுந்து ஓடினாள். சிலர் குலவையிட்டார்கள். நான் சாக்கின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மா... என்று எந்தப் பெயர் ஆரம்பித்தாலும் பாதி எழுந்துவிட்டேன்.

பதினொன்றாவது சீட்டு. செல்லோவானே ராமைலி என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். கூடம் முழுக்கத் தலைகள் திரும்பின.

பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையைத் தொட்டு, "யாரோ செல்லோவானேவாம். பாவம், வரலை போலிருக்கு" என்றாள்.

நானும் யாரென்று கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்த்தேன்.

அவர் மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, அடுத்த சீட்டைப் பிரித்தார்.